நாலு தட்டில் கச்சான்

நீலக் கரை போட்ட நாலு சின்னத் தட்டுகள் என்னிடம் இருக்கின்றன. தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிற தட்டுகள். அவற்றின் கோப்பைகளை நான் பார்த்ததே இல்லை. மருமகள் சமையலறை அலமாரியை ஒழுங்குபண்ணும்போதெல்லாம் அவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "அத்தை, இது எதுக்குத்தான் இருக்கு? இப்ப யாரு சாசர் வெச்சுக் குடிக்கிறாங்க? யாருக்காச்சும் குடுத்துடலாம் லா" என்று இந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டு இழுப்பாள். நான் ஒன்றும் சொல்லாமல் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவேன். அவளும் விட்டுவிடுவாள். அதிகம் பேசாதவளுக்கு இந்த மாதிரிச் சின்னச் சின்ன வெற்றிகள் கிடைக்கத்தான் செய்கின்றன. அந்தத் தட்டுகளில் நான் ஒருநாளும் தேநீர் குடித்ததில்லை. கச்சானைக் கொட்டி எண்ணியிருக்கிறேன். நிலக்கடலையை இங்கே மலேசியாவில் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்வோம். எண்ணக் காட்டிக் கொடுத்தவரை எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அப்போது நான் லாபிஸில் இருந்தேன். பெக்கோக் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டை விட்டு வெளியே வந்து, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு தனியார் கல்லூரியில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் என் படிப்பு. பேப்பர் வாசிப்பேன், எழுத்துக்கூட்டாமல் வாசிப்பேன். ஆனால் படித்தவர்கள் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆசிரியர்கள் கிளம்பிய பிறகு அவர்களுடைய அறைகளைத் துடைப்பது எனக்கு வசதியாக இருந்தது. மிஸ் மட்டும் கிளம்ப மாட்டார். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். விரல் மட்டும் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும். ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. கல்யாணம் ஆகாதவர், மனசுக்குப் பிடித்த யாருடைய குரலாகவோ இருக்கும் என்று நினைத்துச் சத்தமில்லாமல் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஒருநாள் அவரே என்னைக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்று அதை என் காதில் மாட்டிவிட்டார். கேட்டால், யாரோ ஒரு கிழவி. சின்ன வயசில் பெரட்டுக்கு ஓடின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெரட்டுன்னா விடிகாலையில பேரு கூப்பிடுறது மிஸ். அங்க நிக்கலேன்னா அன்னிக்கு வேலை இல்ல" என்றேன். அந்த அறையில் நான் பேசிய முதல் பேச்சு அது.

மிஸ்ஸின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அப்பாவும் அரசாங்க உத்தியோகம். எஸ்டேட்டில் அந்த வகை ஆட்களை நாங்கள் கணக்கெழுதுகிற கிராணி வீட்டில்தான் பார்த்திருக்கிறோம். ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள், இந்தப் பக்கம் நாங்கள் வரிசையில் நிற்போம். மிஸ் ஆங்கிலப் பள்ளியில் படித்து, வளர்ந்த பிறகு தமிழை விரும்பிக் கற்றுக்கொண்டவர். அதனாலோ என்னவோ, எங்கள் பேச்சை அவர் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போலப் பார்த்தார். நாங்கள் பேசுவதைப் பதிவு செய்து, எந்தச் சொல் எந்த விதமான வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, எது ஒட்டாமல் விலகுகிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. "இதுக்கெல்லாமா மிஸ் சம்பளம் குடுக்கிறாங்க?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "குடுக்கறாங்க ஆன்ட்டி. ஒவ்வொரு வருஷமும் யோசிச்சு யோசிச்சுக் குடுக்கறாங்க" என்றார். அவருக்கு அங்கே நிரந்தர வேலை இல்லை என்பதும், வருடா வருடம் கல்லூரி புதுப்பித்தால்தான் உண்டு என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கணக்கு எப்படி என்று நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். தனக்குத் தெரிந்ததை எதிரில் நிற்கிற யாருக்காவது சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அன்றைக்கு எதிரில் நின்றது நான். "ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க ஆன்ட்டி. தைப்பூசக் கூட்டத்துல. என்ன நினைப்பீங்க?" என்றார். "கூட்டத்துல யாரு பக்கத்துலயும் யாரும் நிப்பாங்க மிஸ். அதுல என்னா இருக்கு?" "சரி, ஆளே இல்லாத மத்தியானத்துல, லாபிஸ் ஸ்டேஷன் பெஞ்சில, அதே ரெண்டு பேரு. இன்னிக்கும் இருக்காங்க, அடுத்த வாரமும் இருக்காங்க." நான் வாளியைக் கீழே வைத்தேன். "அப்ப ஊரு பேசும்." மிஸ் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அவ்வளவுதான் ஆன்ட்டி! ஊரு எப்பப் பேசணும், எப்பப் பேசக்கூடாதுங்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. அதைத்தான் நான் போடறேன்."

பிறகுதான் அந்தத் தட்டுகளை எடுத்தார். குளுவாங்கில் இருந்த அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்தவை. கோப்பைகள் எல்லாம் உடைந்துபோய்த் தட்டுகள் மட்டும் மிச்சமாம். ஒரு பொட்டலம் கச்சானைப் பிரித்து வைத்துக்கொண்டார். ஒரு கச்சான் என்றால் யாரோ பேசிய ஒரு பேச்சு. அவர் எடுத்துக்கொண்டது "குளி" என்ற சொல்லையும், "செஞ்சிட்டு வரேன், பாத்துட்டு வரேன்" என்பது போல முடிகிற வாக்கியத்தையும். குளியும் வரேனும் சேர்ந்து "குளிச்சிட்டு வரேன்" என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கச்சான் முதல் தட்டுக்கு. குளி இருக்கிறது, வரேன் இல்லை, "இன்னும் குளிக்கல" என்கிற மாதிரி என்றால் இரண்டாவது தட்டு. வரேன் இருக்கிறது, குளி இல்லை, "சாப்பிட்டுட்டு வரேன்" என்றால் மூன்றாவது. இரண்டுமே இல்லாத மற்ற எல்லாப் பேச்சும் நாலாவது. சொல்லிக்கொண்டே மிச்சப் பொட்டலத்தை நாலாவது தட்டில் கவிழ்த்தார். அது கொள்ளாமல் மேசையில் உருண்டு, நான் அப்போதுதான் துடைத்த தரையில் விழுந்தது. "எல்லாரும் முதல் தட்டை மட்டும் பாக்கறாங்க ஆன்ட்டி. நாலாவது தட்டுல எவ்வளவு இருக்குன்னு தெரியாம, முதல் தட்டுல இருக்கறது உறவா தற்செயலான்னு சொல்லவே முடியாது" என்றார். தரையில் விழுந்ததைப் பொறுக்கியது நான்தான். எதிலும் சேராமல் ஒதுங்கிக் கிடப்பதையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு சரியாகும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கறேன்" என்றார். "ஒரே லயத்து வரிசையில வீடு, ஒரே கோயில், ஒரே தண்ணிக்குழாய். ரெண்டு பேரும் எல்லா இடத்துக்கும் வர்றாங்க. ஆனா ஒருநாளும் சேர்ந்து நின்னதே இல்லை. முதல் தட்டு சுத்தமா காலி. அது ஏன்?" "சண்டையா இருக்கும் மிஸ்" என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள், எனக்கு என்ன தோன்றியதோ, திரும்பி நின்று, "இல்லேன்னா ரொம்பப் பிரியமா இருக்கும். நாலு பேரு பாத்துடப்போறாங்கன்னு தள்ளித் தள்ளி நிப்பாங்க" என்றேன்.  மிஸ் முதல் தட்டிலிருந்த கச்சானை எடுத்துத் தின்னத் தொடங்கினார்.

அவருக்கு நிறையப் பேச்சு தேவைப்பட்டது. கேட்கிறார்கள் என்று தெரிந்தும் தெரியாதது போல, சும்மா உட்கார்ந்து பேசுகிற பேச்சு. "நம்ம பொம்பளைங்க இப்ப எங்க ஒண்ணா உட்கார்ந்து பேசறாங்க ஆன்ட்டி?" என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். கோயிலில் ஒலிபெருக்கி. கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி. வீடுகளில் டிவி. எஸ்டேட்டில் குழாயடி இருந்தது, இப்போது ஆளுக்கொரு குழாய். அந்த நேரத்தில்தான் லாபிஸில் என் அண்ணி இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் வந்து உட்காருவார்கள். முதல் இரண்டு நாள் அழுகை. அப்புறம் வெங்காயம் உரித்துக்கொண்டு, கீரை ஆய்ந்துகொண்டு, பேச்சுதான். கூச்சக்காரர்களுக்குச் சாவு வீடு வசதியான இடம் என்று நான் எப்போதும் நினைப்பதுண்டு. அங்கே நம்மை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். அங்கே வந்து பதிவு செய்யலாமே என்று தயங்கித் தயங்கி மிஸ்ஸிடம் சொன்னேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனால் அண்ணன் மகள், "எங்கம்மா உசுரோட இருந்தா அவங்கதான் அத்தை மொதல்ல பேசியிருப்பாங்க. கொண்டாந்து வைங்க" என்றாள்.

மிஸ் ஒரு நாள் மத்தியானம் வந்து எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டு அனுமதி வாங்கினார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி, வாய்க்காரி, "கிராணி வீட்டுப் பேத்தி தரையில உக்காருதுடி, பாரேன்" என்றாள். "உக்காந்தது பெருசில்ல, எந்திரிக்கறப்ப யாரு தூக்கி விடறது?" என்றாள் இன்னொருத்தி. மிஸ் கையை நீட்டி, "நீங்கதான் லா அக்கா" என்றார். சாவு வீடு என்பதால் எல்லாரும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பதிவுக் கருவியை என் மடிப்பக்கம் வைத்துவிட்டு, அவர் வகுப்பு எடுக்கப் போய்விட்டார். அதற்கு முன் ஒரு விதி சொன்னார். "கருவியை வெச்சிருக்கிறவங்க பேச்சு கணக்குல சேராது ஆன்ட்டி. நமக்கு வேண்டிய சொல்லை நாமே சொல்லிட்டா அது கணக்கு இல்லை, ஆசை." எனக்கு அந்த விதி ரொம்பச் சுலபம். நான்தான் பேசுவதே இல்லையே. அக்கா மட்டும் கருவியைப் பார்த்துப் பார்த்துப் பேசுவாள். "பொட்டி, நல்லா கேட்டுக்க. என் மருமக வெக்கிற சாம்பார்ல பருப்பைத் தேட டார்ச்லைட்டு வேணும்." சாயங்காலம் ஆனதும் ஒவ்வொருவராக எழுந்து, சேலையை உதறி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போவார்கள். கடைசி ஆள் போனதும் நான் கருவியை அணைப்பேன். காரியம் முடிகிற வரைக்கும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு பல மாதம் மிஸ் அந்தப் பேச்சையெல்லாம் எழுதி, கம்ப்யூட்டரில் போட்டுக் கணக்குப் பார்த்தார். ஒருநாள் முகம் மலர்ந்து, "ஆன்ட்டி, ஒரே லயத்துல இருந்தும் சேராத ஜோடி ஒண்ணு கிடைச்சிருக்கு. முதல் தட்டு சுத்தமா காலி!" என்றார். எந்த ஜோடி என்று சொல்லவில்லை. சொன்னால் இனி நான் பேசுகிறபோது எனக்கே தெரியாமல் என் பேச்சும், என்னோடு பேசுகிறவர்கள் பேச்சும் மாறிவிடும், இன்னும் கொஞ்சம் பதிவு பாக்கி இருக்கிறது என்றார். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. கோலாலம்பூரில் பெரிய பெரிய ஆட்கள் கூடுகிற கூட்டத்தில் அதைப் பற்றி வாசிக்கப் போகிறார் என்றும், துறைத் தலைவர் ரொம்பச் சந்தோஷப்பட்டார் என்றும், அது நல்லபடியாக நடந்தால் வேலையை நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்றும் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கல்லூரிக் கேன்டீனில் ஒரு தோசை வாங்கிக் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருந்தது; பாதியைக் கட்டி எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மிஸ்ஸின் அம்மா குளுவாங்கில் காலமானார். அந்த அம்மாவை நான் ஒரே தடவை பார்த்திருக்கிறேன். மகளைப் பார்க்க வந்தவர், துடைப்பமும் கையுமாக நின்ற என்னிடம், "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று சொன்னார். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ரயிலில் போனோம். பெரிய வீடு, நிறையக் கார்கள். உத்தியோகக்காரர்கள் கூட்டம். நான் வழக்கம்போலப் பின்கட்டில் போய்க் கண்ணாடித் தம்ளர் கழுவ உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து வாசல் தெரியும். வந்தவர்கள் கிளம்பும்போது மிஸ் ஒவ்வொருவர் பின்னாலும் வாசல் கேட் வரைக்கும் போய், "வந்ததுக்கு ரொம்ப நன்றி அங்கிள்" என்று கை கூப்பிக்கொண்டிருந்தார். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிப் போனார்கள். அவருடைய சொந்தக்கார அம்மா ஒருவர் தோளைப் பிடித்து இழுத்து, "பின்னால போகாதை பிள்ளை. உள்ள வா" என்றார்.

மிஸ் நேராகப் பின்கட்டுக்கு வந்தார். அழுது வீங்கிய முகம். "ஆன்ட்டி, ஏன் யாருமே என்கிட்ட சொல்லிக்காம போறாங்க? அம்மா மேல ஏதாச்சும் கோபமா?" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை படித்தவர், தன் வீட்டில் ஒரு சாவையும் கூட இருந்து பார்த்ததில்லை. அப்பா போனபோது அவர் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தார். "சாவு வீட்டுல யாராச்சும் சொல்லிக்கிட்டுப் போவாங்களா மிஸ்? போயிட்டு வரேன்னு இங்க எப்படிச் சொல்றது? மறுபடியும் இப்படி ஒரு காரியத்துக்கு வர்றதுன்னு ஆயிடும்ல. எந்திரிச்சோமா, போனோமான்னு இருக்கணும்" என்றேன். "இன்னிக்கு மட்டுமா?" "காரியம் முடியிற வரைக்கும். கடைக்குப் போறதா இருந்தாக்கூட கடைக்குப் போறேன்னுதான் சொல்லுவோம். நாக்கு அதுவா அடங்கிக்கும்."

மிஸ் அப்படியே சுவரில் சாய்ந்தார். "லாபிஸ்ல எடுத்தது எல்லாமே உங்க அண்ணி வீட்டுல" என்றார் மெதுவாக. அவருடைய முதல் தட்டு காலியாக இருந்த ஜோடி எது என்று அப்போதுதான் சொன்னார். போ என்ற சொல் அந்தப் பதிவுகளில் கொட்டிக் கிடந்தது. டவுனுக்குப் போயிட்டு வந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். குளிச்சிட்டு வரேன், பிள்ளையைப் பள்ளியில விட்டுட்டு வரேன் என்பதும் நிறைய. "போயிட்டு வரேன்" மட்டும் ஒன்றுகூட இல்லை. எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள் மலாய்க்காரர்களோடும் ஆங்கிலத்தோடும் பழகிப் பழகி விடைபெறுகிற சொல்லையே மறந்துவிட்டார்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார். அதைத்தான் கோலாலம்பூரில் வாசிக்க இருந்தார். "மறக்கறதா?" என்றேன். "ஒவ்வொரு சாயங்காலமும் நுனி நாக்கு வரைக்கும் வந்ததை முழுங்கிட்டுல்ல எந்திரிச்சாங்க." மிஸ் சிரித்துவிட்டார். வாய்விட்டு, தோள் குலுங்க. சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க ஆன்ட்டி. நாலு பேரு பாத்துடுவாங்கன்னு தள்ளி நிக்கறது" என்றவர், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினார். நாங்கள் கிளம்பும்போது வாசலில் நின்றிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னாலும் வரவில்லை.

திரும்பி வந்த மிஸ், கூட்டத்தில் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். துறைத் தலைவர் அவர் அறைக்கே வந்து பேசியது நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. "எண்ணிக்கை சரிதானே? எண்ணிக்கையை மட்டும் வாசிங்க. காரணத்தை விட்டுடுங்க." "சார், எண்ணிக்கை சரி. வீடுதான் தப்பு." "இதை விட்டுட்டா வேற எதைக் காட்டி உங்களை வெச்சுக்கச் சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க."  துறைத் தலைவர் போன பிறகு நான் உள்ளே போனேன். எனக்கு மிஸ் அந்த வேலையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம். எங்கள் ஆட்கள் எந்தச் சொல்லை மறந்தார்கள், மறக்கவில்லை என்று எங்கேயோ எழுதி வைப்பதால் எங்களுக்கு என்ன வந்துவிடப்போகிறது? "யாருக்கு மிஸ் தெரியப்போகுது? வாசிச்சுட்டு வந்துடுங்க" என்றேன். மிஸ் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமே ஆன்ட்டி. அந்தப் பாயில உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும்." நான் வாளித் தண்ணீரை மாற்றப் போய்விட்டேன். அவர் சொன்னது எனக்கு அப்போது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

அடுத்த ஒரு வருடம் மிஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கிளினிக் வாசல், யோங் பெங் பஸ் நிலையம், காய்கறிக் கடை, பிள்ளை பெற்ற வீடு. சில இடங்களுக்கு நானும் கூடப் போனேன். அக்காவின் மருமகளுக்கு வளைகாப்பு நடந்தபோது, கிளம்புகிற ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று போயிட்டு வரேன், போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு, போகாமல் நின்று இன்னொரு கதை பேசி, மறுபடியும் போயிட்டு வரேன் என்று சொன்னார்கள். மிஸ் காதில் கருவியோடு வெற்றிலைத் தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, 'வரேன்' என்பதோடு ஒட்டுகிற சொற்களில் 'போ'தான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றதாம். அதைப் பார்த்துவிட்டுத் துறைத் தலைவர், "மக்கள் கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்றாங்க. இதைக் கண்டுபிடிக்கவா ஒரு வருஷம்?" என்றாராம். அவர் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் தெரிந்தது. பொய்யாக இருந்தபோது அது செய்தி, உண்மையானதும் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த வருடக் கடைசியில் மிஸ்ஸின் வேலையைக் கல்லூரி புதுப்பிக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் இருந்த தங்கையிடம் போவதாக முடிவு செய்து, கிளம்புவதற்கு முந்தின வாரம் லாபிஸுக்கு என் வீட்டைத் தேடி வந்தார். கச்சான் பொட்டலமும், பழைய பேப்பரில் சுற்றிய நாலு தட்டுகளும் கொண்டுவந்தார். "கப்பு இல்லாத தட்டை வெளிநாட்டுக்குத் தூக்கிட்டுப் போனா தங்கச்சி என்னைப் பைத்தியம்பா. நீங்க வெச்சுக்கங்க ஆன்ட்டி" என்றார். மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டியிருந்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. வழக்கமாகக் காரில் ஏறும்போது "ஓகே ஆன்ட்டி, பாய்" என்று கையாட்டுவார். அன்றைக்குக் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலை உள்ளே வைத்தவர், மறுபடியும் இறங்கி நின்று, "போயிட்டு வரேன் ஆன்ட்டி" என்றார். ஒப்பிப்பது போல இருந்தது. "போயிட்டு வாங்க மிஸ்" என்றேன். கார் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்றேன். அது சாவு வீடு இல்லை, நிற்கலாம்.

இப்போது நான் ஜொகூர் பாருவில் மகன் வீட்டில் இருக்கிறேன். அடுக்குமாடியில் பதினோராவது மாடி. மகனும் பேத்தியும் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். மகன் போகும்போது சாவிக்கொத்துச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பேத்தி காதில் எதையோ மாட்டிக்கொண்டு "பாய்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். மிஸ் தீபாவளிக்குத் தீபாவளி போனில் முகம் காட்டிப் பேசுவார். தலை நன்றாக நரைத்துவிட்டது. முடிக்கும்போது, "சரி ஆன்ட்டி, வெச்சிடறேன்" என்பார். போனில் வேறு எப்படிச் சொல்வது? யாராவது கருவியோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் உட்கார்ந்தால், மிஸ் எழுதி, வாசிக்காமல் விட்ட அந்த முடிவுதான் அவர்களுக்குக் கிடைக்கும். இந்தத் தடவை வீடும் தப்பாக இருக்காது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் மறுபடியும் அலமாரியை ஒழுங்குபண்ணித் தட்டுகளை வெளியே வைத்தாள். துடைத்து உள்ளே வைக்கப் போனவள், வைக்காமல் மேசைமேல் வரிசையாக வைத்தேன். கடையில் வாங்கிய கச்சான் பாக்கெட்டைப் பிரித்து, 'போ'வுக்கும் 'வரேனு'க்கும் என்று மனசில் நினைத்துக்கொண்டு, அன்றைக்கு அந்த வீட்டில் காதில் விழுந்த பேச்சையெல்லாம் தட்டுத் தட்டாகப் போட்டுப் பார்த்தேன். மருமகள் போனில் பேசியது, மகன் வந்து சாப்பாடு கேட்டது, பேத்தி தண்ணீர் கேட்டது. நாலாவது தட்டு கொள்ளாமல் மேசையில் உருண்டது. முதல் தட்டு அப்படியே நீலக் கரையோடு காலியாக இருந்தது. சாயங்காலம் கறிவேப்பிலை வாங்கக் கீழே போக வேண்டியிருந்தது. எப்போதும் செருப்பைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவள்தான் நான். அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "போயிட்டு வரேன்" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. மகன் டிவியிலிருந்து தலையைத் திருப்பினான். அடுப்பைப் பார்த்தபடியே மருமகள், "வாங்க அத்தை" என்றாள்.

கறிவேப்பிலையோடு திரும்பி வந்து, ஒரு கச்சானை எடுத்து முதல் தட்டில் போட்டேன். எண்ணுகிறவளுடைய பேச்சு கணக்கில் சேராது என்று மிஸ் சொல்லியிருக்கிறார். தெரிந்துதான் போட்டேன்.